மரம் பொய் சொல்லாதுங்க

என் சம்சாரம் சம்பூர்ணம் ஊட்டுல இல்லீங்க. காப்பி நான் போட்டதுதான். சர்க்கரை பத்தலைன்னா சொல்லுங்க, கூச்சப்பட வேண்டாம். இங்க வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது அதுதான், ஊட்டுல அம்மா இல்லீங்களான்னு. பட்டறையைப் பத்திக் கேக்கறதுக்கு முன்னால அதைக் கேட்டுடுவாங்க. என்னமோ ஒரு ஊடுன்னா ஒரு பொம்பளை வந்து எட்டிப் பார்த்தாத்தான் ஊடுங்கற மாதிரி.

நீங்க திருச்சிப் பக்கம்னு போன்ல சொன்னீங்க. ஊட்டுக்காரர் தவறி இன்னும் வருசம் திரும்பலைன்னும் சொன்னீங்க. மனசு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது, மரம் கடைஞ்சா சரியாகும்னு ஆரோ சொன்னாங்கன்னு வந்திருக்கீங்க. சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க அம்மிணி. எங்க பக்கம் அம்மிணின்னா மரியாதைதான், தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா நாளைக்கு உங்க கையில உளியைக் கொடுக்கறதுக்கு முன்னால, சம்பூர்ணம் ஏன் இங்க இல்லைங்கறதை நானே சொல்லிடறேன். தொண்டாமுத்தூர் பஸ்ஸுல ஏறுனீங்கன்னா நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவாங்க. அதுக்கு நான் சொல்றதே மேல்.

நான் வேலையில இருந்தப்ப இதெல்லாம் கிடையாதுங்க. ஒரு பம்புசெட்டுக் கம்பெனியில பர்ச்சேஸ் மேனேஜர். காலம் பூரா அடுத்தவங்களை மிரட்டறதும் அடுத்தவங்க மிரட்டறதைக் கேக்கறதும்தான் பொழப்பு. ரிடையர் ஆன மறு மாசம், கட்டில் கால் கடையற பழைய பட்டறை ஒண்ணை மூடறாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். சும்மா பார்க்கத்தான் போனேன். ஒரு லேத் நின்னுட்டிருந்துச்சு. அங்க இருந்த ஆளு ஒரு வாகைக்கட்டையை மாட்டி, ஓட்டிக் காட்டறேன், உளியை வெச்சுப் பாருங்கன்னான். வெச்சேன். அவ்வளவுதானுங்க.

அதை எப்படிச் சொல்றது. ஈரவாகை. சீவல் ரிப்பன் மாதிரி சுருண்டு கையில வந்து விழுது, வெதுவெதுன்னு இருக்கு. கட்டை சுத்தறப்ப ஓரமெல்லாம் புகை மாதிரி மங்கலாத் தெரியும். ஆனா நடுவுல ஒரு புள்ளி அசையாம நிக்கும். எவ்வளவு வேகமாச் சுத்துனாலும் அது நிக்கும். அதைப் பார்த்துட்டே இருந்தேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்த ஆளு மரத்தூள் பட்டுருச்சுன்னு நெனைச்சுத் துண்டை எடுத்துக் கொடுத்தான். எங்கப்பன் செத்தப்பக்கூட நான் அழுததில்லீங்க.

லேத்தை வாங்கிட்டு வந்து இந்தக் கொட்டாயில போட்டேன். ஒரு வருசம் ஆரு கூடவும் பேசலை. காலையில உள்ளே போனா இருட்டுனப்புறம்தான் வெளிய வருவேன். சம்பூர்ணம் சோத்தைக் கொண்டாந்து வாசல்ல வெச்சுட்டுப் போயிருவா. உள்ளே வர வேண்டாம்னு சொல்லியிருந்தேன். ஒரு தடவை, நானும் ஒண்ணு கடைஞ்சு பார்க்கட்டுங்களான்னு கேட்டா. உனக்கு இன்னும் அந்தப் பக்குவம் வரலைன்னு சொன்னேன். கோவமாச் சொல்லலைங்க, உள்ளதைச் சொன்னேன். அவ சரீங்கன்னு போயிட்டா. அதுக்கப்புறம் அவ கேக்கவே இல்லை.

அந்த ஒரு வருசத்துல எனக்கு ஒண்ணு வெளங்குச்சு. மரம் பொய் சொல்லாதுங்க. உளியைப் பிடிக்கறவனோட மனசு எப்படியோ அப்படித்தான் வெட்டு விழும். கோவத்தோட போனா உளி கடிச்சுக்கும். பயந்து போனா கட்டை நடுங்கும். மனுசனை ஏமாத்தலாம், கட்டையை ஏமாத்த முடியாது. இதை நாலு பேருக்குச் சொன்னேன். அவங்க நாப்பது பேருக்குச் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமையானா பெங்களூரு, சென்னைன்னு காருல வர ஆரம்பிச்சாங்க. கம்ப்யூட்டர் வேலை பார்க்கறவங்க, டாக்டருங்க, உங்களை மாதிரி துக்கத்துல இருக்கறவங்க. நான் ஆரையும் கூப்பிட்டதில்லை.

வர்றவங்களுக்கு முதல்ல ஒரு மரவை கடையச் சொல்லித் தருவேன். மரவைன்னா மரக்கிண்ணம், அந்தக் காலத்துல உப்புப் போட்டு வெப்பாங்களே, அது. அவங்க அதைக் கையில வெச்சுத் தடவித் தடவிப் பார்ப்பாங்க. முகத்துல ஒரு பூரிப்பு வரும் பாருங்க, அந்த நேரத்துல அதை வாங்கி வெந்நி அடுப்புல போட்டுருவேன். பற்று போகணும்ல. செஞ்சது நம்முளுதுங்கற எண்ணம் எரியணும். நெறைய பேரு அழுவாங்க. அழுதுட்டு, லேசாயிட்டேங்கய்யான்னு சொல்லிட்டுப் போவாங்க.

திலகவதின்னு ஒரு அம்மிணி, பெருந்துறைக்காரங்க. சின்னப் புள்ளையைக் கெணத்துக்குப் பறிகொடுத்தவங்க. அவங்க மரவை நெம்பச் சின்னதா வந்துச்சு, உள்ளங்கையில அடங்கற மாதிரி. என் புள்ளைக்குத் தயிருசோறு போடற கிண்ணம் இந்த அளவுதானுங்கன்னு சொல்லிக் கன்னத்துல வெச்சுக்கிட்டாங்க. நான் கையை நீட்டினேன். கொடுக்க மாட்டேன்னாங்க. வாங்கித்தான் போட்டேன். அடுப்புக்குள்ளாற கையை விடப் போயிட்டாங்க, சம்பூர்ணம் காப்பித் தட்டை அப்படியே கீழ போட்டுட்டு ஓடியாந்து பிடிச்சா. அதுக்கப்புறம் அந்த அம்மிணி வரவே இல்லை. ஒரே வகுப்புல விடுதலை ஆயிட்டாங்கன்னு வெச்சுக்கங்களேன். சில பேருக்கு அப்படி அமையும்.

அங்க பூசை ரூமுல விளக்குக்குப் பக்கத்துல இருக்கறது என்னோட முதல் மரவை. அதை ஏன் எரிக்கலைன்னு கேக்கறீங்களா? அது வேறங்க. வர்றவங்க பார்க்கறதுக்கு ஒண்ணு வேணுமில்ல.

இப்பச் சென்னியப்பனைப் பத்திச் சொல்லணும். என் தம்பி. பல்லடத்துல ஒரு மில்லுல சூப்பர்வைசரா இருந்தான். வாயில்லாப் பூச்சி. அவன் சம்சாரம் லோகநாயகி கேன்சர் வந்து போயிட்டா. புள்ளை குட்டி இல்லை. அவ போனதுக்கப்புறம் இவன் வேலைக்குப் போகலை, குளிக்கலை, ஊட்டுக் கதவைச் சாத்திட்டு உள்ளயே கெடந்தான். சம்பூர்ணம்தான் புடிவாதமா, அவரைக் கூட்டிட்டு வாங்க, இல்லீன்னா நான் போயிக் கூட்டிட்டு வர்றேன்னு நின்னா. சரி, தம்பிதானேன்னு போயிக் கூட்டியாந்தேன்.

அவனை லேத்துல நிறுத்துனது நான்தான். அதை மறந்துறக் கூடாது பாருங்க. கொஞ்ச நாளு உளியைக் கையில பிடிச்சுட்டுச் சும்மா நிப்பான். கட்டை சுத்தும், இவன் பார்த்துட்டு நிப்பான். நானும் விட்டுட்டேன். ஒரு நாளு கடைக்குப் போயிட்டு வந்து பார்க்கறேன், ஒரு சிமிழ் கடைஞ்சு வெச்சிருக்கான். குங்குமச்சிமிழ். மூடி திருகறப்ப ஒரு சின்னச் சத்தம், காத்து வெளிய போற சத்தம், அவ்வளவு கச்சிதம். நான் சொல்லித் தராதது. லோகுவுக்கு மரச்சிமிழ்னா பிரியமுங்கண்ணா, பழனியில வாங்குனது ஒண்ணு வெச்சிருந்தா, ஒடைஞ்சு போச்சுன்னான். லோகநாயகி போனதுக்கப்புறம் அவன் முழுசாப் பேசுனது அதுதான்.

அதுல இருந்து சிமிழாக் கடைஞ்சு தள்ளுனான். நான் ஒண்ணை அடுப்புல போட்டேன். சரிங்கண்ணான்னு சொல்லிட்டு அடுத்ததை மாட்டுனான். மறுக்கா ஒண்ணைப் போட்டேன். அதுக்கும் சரிங்கண்ணா. எனக்கு அது பிடிக்கலைங்க. அழுதிருந்தா ஒரு அர்த்தம் இருக்கு. எரிச்சாலும் ஒண்ணுதான் எரிக்காட்டியும் ஒண்ணுதான்னு இருக்கறது ஒரு வகைத் திமிரு, இல்லீங்களா?

வகுப்புக்கு வர்றவங்க மெல்ல அவன் பக்கமாப் போயி நிக்க ஆரம்பிச்சாங்க. நான் இங்க பேசிட்டிருப்பேன், நடுப்புள்ளியைப் பத்தி, மனசைப் பத்தி. தலையாட்டிட்டே இருப்பாங்க. கண்ணு அங்க இருக்கும். இடைவேளை விட்டா அவனைச் சுத்தி நின்னுக்குவாங்க. அவன் ஒண்ணுமே சொல்ல மாட்டான். உளி பிடிக்கறவங்க முழங்கையை லேசா ஒரு விரலால தொட்டு எறக்கி விடுவான், அவ்வளவுதான். அவங்களுக்கு வெட்டு சுத்தமா விழும். சிமிழைப் பொம்பளைங்க கையில கொடுத்து அனுப்புவான். அடுப்புக்குப் போறதுக்கு முன்னாலயே கொடுத்துருவான் பாருங்க, அதுதான் அவன் சாமர்த்தியம்.

ஒரு டாக்டரம்மா சென்னையில இருந்து வந்திருந்தாங்க. என்னைக் கேக்க வேண்டியதை அவனைக் கேட்டாங்க, கடையறப்ப உங்களுக்குள்ள என்னங்க நடக்குதுன்னு. எல்லாரும் கேட்டுட்டிருக்காங்க. அவன் உளியைத் தொடைச்சுட்டே சொன்னான்.

"பெருசா ஒண்ணுமில்லீங்க. லோகு பக்கத்துல உக்காந்து பார்த்துட்டிருக்கற மாதிரி இருக்கும். பேச மாட்டா. பார்த்துட்டிருப்பா."

டாக்டரம்மா கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. இத்தனை வருசம் நான் பற்றை அறுக்கச் சொல்லித் தர்றேன், இவன் செத்துப் போன பொண்டாட்டியைக் கூட்டியாந்து பட்டறையில உக்கார வெச்சுட்டிருக்கான். அதுக்கு அழுகறாங்க.

அப்புறம் சம்பூர்ணம் உள்ளே வர ஆரம்பிச்சா. நான் கூப்பிடலை. ஒரு நாளு பார்த்தா, பழப்பெட்டியைக் கவுத்துப் போட்டு உக்காந்து அவரைக்காய் உரிச்சுட்டிருக்கா, அவன் கடைஞ்சுட்டிருக்கான். நான் ஒண்ணும் சொல்லலை. இன்னொரு நாளு கோயமுத்தூரு போயிட்டுச் சாயங்காலம் வர்றேன். கொட்டாய்க்குள்ள லேத் ஓடற சத்தம், கூடவே சிரிப்புச் சத்தம். அவ சிரிக்கறா. அவ அப்படிச் சிரிச்சு நான் எப்பக் கேட்டேன்னு எனக்கே ஞாபகம் வரலை. போயிப் பார்த்தா அவ கையில உளி. மோரு கடையற மத்து ஒண்ணு பாதி முடிஞ்சு சுத்திட்டிருக்கு. தலைமுடியெல்லாம் மரத்தூள். அவன் ரெண்டு எட்டுத் தள்ளி நின்னு, அப்படித்தானுங்க நங்கையா, இன்னுங்கொஞ்சம் விடுங்கன்னு சொல்லிட்டிருக்கான். அண்ணியை எங்க பக்கம் நங்கையான்னுதான் கூப்பிடுவாங்க.

என்னைப் பார்த்ததும் அவளே லேத்தை நிறுத்திட்டா. நான் நிறுத்தச் சொல்லலை, நீயா நிறுத்திட்டு ஏன் நிக்கறேன்னுதான் கேட்டேன். மத்தைக் கழட்டிக் கையில எடுத்துட்டு ஊட்டுக்குள்ள போயிட்டா. அதை நான் அடுப்புல போடலைங்க. கேட்டுப் பார்த்தேன், கொடுக்கலை. எங்க ஒளிச்சு வெச்சாளோ.

எனக்குப் பொறாமைன்னு நீங்க நெனைக்கலாம். பர்ச்சேஸ் மேனேஜரா இருந்தவனுக்குப் பொறாமை வந்திருக்கும். எனக்குள்ள அதெல்லாம் சீவலாப் போயி வருசமாச்சு. என் கவலை சென்னியப்பனைப் பத்தித்தான். அவன் எங்கயோ தப்பா நிக்கறான், அவனுக்கே தெரியாம அவன்கிட்ட ஒரு அகங்காரம் வளருது. நான் சொன்னா அவனுக்கு ஏறாது. மரம் சொன்னாத்தான் ஏறும்.

தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒரு புளியங்கட்டை கெடந்துச்சு. நல்ல கனம். வெயில்லயும் மழையிலயும் கெடந்தது. கட்டையை எல்லாம் தட்டிப் பார்த்துத்தானுங்க மாட்டணும். மடக்குன விரல் முட்டியால ஒரு தட்டு. நல்ல கட்டைன்னா கணீர்னு பேசும். உள்ளே விரிசல் இருந்தா சத்தம் செத்துப் போயி வரும். வகுப்புக்கு வேண்டிய கட்டையெல்லாம் நான்தான் தட்டிப் பார்த்து எடுத்து வெப்பேன், இங்க ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. இந்தப் புளியையும் தட்டிப் பார்த்தேன். சத்தம் கொஞ்சம் மாறித்தான் இருந்துச்சு. மறுக்கா தட்டுனேன். அப்படியேதான் இருந்துச்சு. ஆனா பாருங்க, விரிசல் இருக்கறது வேற, அது பிளக்கறது வேற. மனசு நேராப் போயி நின்னா, விரிசல் இருக்கற கட்டைகூடப் பிடிச்சு நிக்கும். அதுதான் என் நம்பிக்கை.

ஞாயித்துக்கிழமை வகுப்புல நெறையப் பேரு இருந்தாங்க. சென்னியப்பனைக் கூப்பிட்டேன், எல்லாரும் பார்க்கறதுக்குப் பெருசா ஒண்ணு கடைஞ்சு காட்டுடா, எப்பப் பாரு சிமிழு சிமிழுன்னுட்டு இருக்கேன்னேன். வந்தான். கட்டையைத் தூக்கினான். தட்டினான். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணா, இது சத்தம் சரியில்லீங்களே. வேற ஒண்ணு எடுத்துக்கட்டுங்களா?"

பயமா இருக்குதான்னு கேட்டேன். இல்லீங்கண்ணா, பக்கத்துல ஆளுங்க நிக்கறாங்கன்னான். அவங்களைத் தள்ளி நிறுத்திட்டேன். மாட்டுனான். முகத்துக்குக் கண்ணாடிக் கவசம் மாட்டப் போனான். அதை நான் கையில இருந்து வாங்கிக்கிட்டேன். ஆரம்பத்துல வர்றவங்களுக்குத்தான் அது. நான் போட்டுக்கறது எனக்குக் கண்ணுல புரை எடுத்திருக்கறதால. அவனுக்கு என்ன? மரத்துக்கும் உனக்கும் நடுவுல எதுக்குடா மறைப்புன்னேன். அவன் அப்பவும் நின்னான். கூட்டம் பார்த்துட்டிருக்கு. அப்பத்தான் நான் அதைச் சொன்னேன். சொல்லணும்னு நெனைச்சுச் சொன்னதில்லை, அதுவா வந்துச்சு. சத்தியமான வார்த்தை அப்படித்தான் வரும்.

"லோகு பக்கத்துல உக்காந்திருப்பான்னு சொன்னியே. அவ பார்த்துக்க மாட்டாளா?"

அவன் மூஞ்சி எப்படியோ ஆயிருச்சு. வெள்ளையா, எல்லாம் தொடைச்செடுத்த மாதிரி. சுவிட்சைப் போட்டான். மெதுவா ஓட விட்டான். நான்தான் கொஞ்சம் வேகத்தைக் கூட்டி விட்டேன், அவ்வளவு மெதுவா ஓடுனா பார்க்கறவங்களுக்கு என்ன தெரியும்? உளியை வெச்சான். நெம்ப அழகா வெட்டுனானுங்க, அதைச் சொல்லியே ஆகணும். ஒரு சுத்து, ரெண்டு சுத்து, புளி செம்பா வெளிய தெரிய ஆரம்பிச்சுது. அந்தக் கணத்துல எனக்குத் தோணுச்சு, பரவால்லை, இவன்கிட்ட என்னமோ இருக்குதுன்னு. அப்பத்தான் பிளந்துச்சு.

பாதிக் கட்டை கூரைத் தகரத்துல போயி அடிச்சுது. மீதி அவன் மூஞ்சியில. கத்தலை. மடங்கி உக்காந்துட்டான். உளி கையிலயே இருக்கு. இடது கண்ணு இருந்த எடத்துல, வேண்டாங்க, நீங்க இப்பத்தான் காப்பி குடிச்சீங்க.

சம்பூர்ணம் எங்க இருந்து வந்தாளோ தெரியலை. முந்தானையைச் சுருட்டி அவன் மூஞ்சியில அழுத்திப் பிடிச்சா. டாக்டரம்மாவும் அன்னைக்கு வந்திருந்தாங்க, அவங்க காருலயே தூக்கிப் போட்டுட்டுப் போனாங்க. நீங்களும் ஏறுங்கய்யான்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான் எப்படிப் போறது? அத்தனை பேரு நிக்கறாங்க, ரெண்டு பேரு வாந்தி எடுக்கறாங்க. அவங்களை அந்த மனநிலையில விட்டுட்டுப் போகக் கூடாதுங்க. எல்லாரையும் உக்காரச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னேன். மரம் இன்னைக்கு ஒண்ணு சொல்லிக் கொடுத்திருக்கு, அதை வாங்கிக்கங்கன்னேன். அப்படியே நெம்ப நேரம் இருந்தோம். அந்த மாதிரி ஒரு அமைதி அதுக்கு முன்னாலயும் வந்ததில்லை, பின்னாலயும் வந்ததில்லை. மத்தியானம் வரைக்கும் வகுப்பு எடுத்துட்டுத்தான் அனுப்புனேன்.

மறுநாளு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டையில மீதி இருந்ததை ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போனேன், அவன் தெரிஞ்சுக்கணுமேன்னு. கட்டோட படுத்திருந்தான். பக்கத்துல உக்காந்து, பாருடா, விரிசல் இங்கதான் ஆரம்பிச்சிருக்கு, ஆனா உன் கை நடுங்குன எடம் இதுன்னு எடுத்துச் சொன்னேன். அவன் ஒத்தைக் கண்ணுல என்னைப் பார்த்துட்டே இருந்தான். அப்புறம் அந்தக் கண்ணையும் மூடிக்கிட்டான். நர்சு வந்து, மரத்தையெல்லாம் உள்ளே கொண்டாரக் கூடாதுங்கன்னு என்னை வெளிய அனுப்பிட்டா.

அந்தக் கண்ணை எடுத்துட்டாங்க. அவனைப் பல்லடத்துக்குக் கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வர்றேன்னு சம்பூர்ணம் போனா. போனவ, ஒரு நாளு பகல்ல வந்தா. அவ துணிமணியை எடுத்து மூட்டை கட்டுனா. நான் வாசல்ல நின்னு, என்ன இதுன்னேன்.

"நீங்க அந்தக் கட்டையைத் தட்டுனதை நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். தொட்டிகிட்ட துணி அலசிட்டிருந்தேன். எப்பவும் ஒரு தட்டுத்தான் தட்டுவீங்க. அதை ரெண்டு தடவை தட்டுனீங்க."

தட்டிப் பார்க்கறது என் வேலை, அதுல என்ன தப்புன்னேன். தப்புன்னு நான் சொல்லலீங்களேன்னா. மூட்டையை எடுத்துட்டு நடந்தே பஸ்ஸுக்குப் போனா. அழுகலை, திட்டலை. எனக்கு வேண்டிய துணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டுத்தான் போயிருந்தா. மாவு ஆட்டி வெச்சிருந்தா. அது புளிச்சுப் பொங்கிப் பாத்திரத்துல இருந்து வழியற வரைக்கும் எனக்குத் தெரியலைங்க. இன்னைக்கு வரைக்கும் அரிசி போடறப்ப கை ரெண்டு பேருக்குத்தான் அள்ளுது.

சொந்தக்காரங்க கேட்டாங்க. கேக்காம இருப்பாங்களா? நான் ஒருத்தரையும் ஒண்ணும் குறை சொல்லலை. கேட்டவங்களுக்கு உள்ளதைத்தான் சொன்னேன், அவ அவன் ஊட்டுல இருக்கறா, அவனும் ஒண்டிக்கட்டைன்னு. அதுல ஒரு பொய் உண்டுங்களா? அப்புறம் அவங்களா என்னென்னமோ பேசிக்கிட்டாங்க. எங்க சித்தப்பன் பேத்தி கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் வந்தாங்களாமா. பந்தியில உக்காந்ததும் பக்கத்துல உக்காந்திருந்தவங்க எந்திரிச்சு வேற வரிசைக்குப் போயிட்டாங்களாமா. பரிமாறுனவன் இலையைத் தாண்டிப் போயிட்டானாமா. சம்பூர்ணம் எந்திரிச்சுப் போயிச் சோத்துப் பாத்திரத்தை அவளே தூக்கிட்டு வந்து அவனுக்குப் போட்டுட்டு, அவளும் போட்டுச் சாப்பிட்டு, கையைக் கழுவிட்டுப் போனாளாமா. கேட்டப்ப எனக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு. சனங்க நெம்பக் கொடூரமானவங்க அம்மிணி.

அப்புறம் கேள்விப்பட்டேன், அவனுக்கு இன்னொரு கண்ணும் மங்கிட்டே போச்சுன்னு. ஒரு கண்ணுல அடிபட்டா, சில பேருக்கு நல்லா இருக்கற கண்ணும் அதோட சேந்து போயிருமாம். டாக்டரு என்னென்னமோ மருந்து ஊத்தியும் நிக்கலை. முழுசாப் போயிருச்சு.

போன ஐப்பசியில ஒரு நாளு, மனசுல தோணுச்சு, போயி மன்னிச்சுட்டு வந்துறலாம்னு. எனக்குள்ள கோவம் இல்லைன்னாலும் அவங்களுக்கு அது தெரியணுமில்ல. பல்லடம் போனேன். சந்துக்குள்ள நுழையறப்பவே சத்தம் கேட்டுது. லேத் சத்தம். கதவு பாதி தெறந்திருந்துச்சு. செருப்பைக் கழட்டிட்டு வாசல்லயே நின்னு பார்த்தேன்.

சின்ன லேத், எங்க வாங்குனாங்களோ. அவன் கடைஞ்சுட்டிருக்கான். ரெண்டு கண்ணும் இல்லாதவன் உளி பிடிச்சு நிக்கறான் பாருங்க. இடது கை விரலைக் கட்டையோட முதுகுல லேசா வெச்சிருக்கான், அது சொல்றதைக் கேட்டு வலது கை போகுது. கவசம் போட்டிருந்தான். கண்ணில்லாதவனுக்கு எதுக்குக் கவசம், சொல்லுங்க? சம்பூர்ணம்தான் மாட்டி விட்டிருப்பா. அவ பக்கத்துலயே ஸ்டூல்ல உக்காந்து, அவன் கடைஞ்சு போடறதை எடுத்து மெழுகு பூசிட்டிருந்தா. பேசிக்கலை. பேச வேண்டிய தேவையே இல்லாத மாதிரி உக்காந்திருந்தாங்க. சீவல் அவ மடியில வந்து விழுது. தட்டி விடலை.

எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலைங்க. என்னோட முதல் நாளு ஞாபகம் வந்துச்சு, அந்த ஈரவாகை. என் காலு கதவுல பட்டுக் கதவு அசைஞ்சுது. அவன் லேத்தை நிறுத்திட்டான். தலையைத் திருப்பி, ஆருங்கன்னான். என்னைப் பார்த்து இல்லை, எனக்குக் கொஞ்சம் தள்ளி, சுவத்தைப் பார்த்து.

சம்பூர்ணம் நிமிந்து என்னைப் பார்த்தா. நேராப் பார்த்தா. அவ கண்ணுல ஒண்ணுமே இல்லைங்க, கோவம்கூட இல்லை. அப்புறம் குனிஞ்சு கையில இருந்ததுக்கு மெழுகைத் தேச்சுட்டே சொன்னா.

"ஆருமில்லீங்க தம்பி. நீங்க கடையுங்க."

அவன் சரிங்க நங்கையான்னு சுவிட்சைப் போட்டான். கட்டை மறுபடியும் சுத்த ஆரம்பிச்சுது. நான் செருப்பை மாட்டிட்டு வந்துட்டேன். பஸ்ஸுல உக்காந்து அதையே நெனைச்சுட்டு வந்தேன். முதல்ல டிக்கெட் வாங்கக்கூட மறந்துட்டேன், பொய் சொல்ல மாட்டேன். சூலூரு தாண்டறப்பத்தான் பளிச்சுனு பட்டுது. ஆருமில்லை. இத்தனை பேருக்கு இத்தனை வருசமா நான் சொல்லிட்டு வர்றது அதுதானேங்க, நான்னு ஒருத்தன் கிடையாதுன்னு. அவ என்னை நேராப் பார்த்துட்டு, ஒரே வார்த்தையில சொல்லிட்டாளே. இப்பெல்லாம் வகுப்பு முடியறப்ப இதைத்தான் சொல்றேன். கேக்கறவங்க அப்படியே உருகிப் போயிர்றாங்க.

ஒண்ணுதான் எனக்கு இன்னும் பிடிபடலைங்க அம்மிணி. அந்தப் பக்குவம் அவளுக்கு எங்க இருந்து வந்துச்சு? நான்தான் அவளுக்கு ஒண்ணுமே சொல்லித் தரலையே.